டிவிட் கிளிண்டன் வெட்டிய இரண்டு குழிகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

டிவிட் கிளிண்டன் 1812-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றார். 128-க்கு 89 என்ற தேர்வாளர் வாக்குக் கணக்கில் அப்போதைய அதிபர் ஜேம்ஸ் மேடிசனிடம் தோற்றார். அதற்கு முன்பே, 1803-இல், கையிலிருந்த அமெரிக்க செனட் பதவியை உதறிவிட்டு நியூயார்க் நகர மேயராக வந்தவர் அவர். மேயருக்குக் கட்டணங்களாக வந்து சேரும் வருமானம் அப்போது பெரிது. அந்த நாற்காலிக்குத் தேர்தலும் கிடையாது, நியமனம்தான்.

நியமித்தவர்கள் யார்? நியூயார்க் மாநில ஆளுநரும் மாநில செனட்டர்கள் நால்வரும் கொண்ட நியமனக் குழு. ஷெரிப், நீதிபதி, மேயர், குடிப்படை அதிகாரி என்று 1821-இல் ஏறத்தாழ 15,000 பதவிகள் இந்த ஐந்து பேர் கையில் இருந்தன. பெயரை முன்மொழியும் உரிமை தனக்கு மட்டுமே என்றார் ஆளுநர் ஜான் ஜே. குழுவில் இளம் உறுப்பினராக இருந்த கிளிண்டன், எங்களுக்கும் உண்டு என்றார். 1801-இல் கூடிய அரசமைப்பு மாநாடு கிளிண்டன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவருடைய சித்தப்பா ஜார்ஜ் கிளிண்டன் ஆளுநரானதும் எதிர்க்கட்சிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இது அவர் வெட்டிய முதல் குழி. 1815-இல் அதே குழு அவரையே மேயர் பதவியிலிருந்து தூக்கியது.

இரண்டாவது குழிக்கு ஊரே கேலியாகப் பெயர் வைத்தது: ‘கிளிண்டனின் குழி’. ஹட்சன் ஆற்றங்கரையின் ஆல்பனியிலிருந்து ஈரி ஏரிக்கரையின் பஃபலோ வரை 363 மைல் கால்வாய். மேலே 40 அடி அகலம், அடியில் 28 அடி, ஆழம் வெறும் 4 அடி. ஹட்சனைவிட ஏரி சுமார் 568 அடி உயரத்தில் இருப்பதால், படகை ஏற்றி இறக்க 83 லாக்குகள். லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த கல்தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவை மூடி நீரை நிரப்பினால் படகு மேலே எழும், வடித்தால் இறங்கும். தொட்டியின் நீளம் 90 அடி, அகலம் 15 அடி.

இதற்கு ஒன்றிய அரசு காசு தரும் என்ற நம்பிக்கை 1817 மார்ச் 3-ஆம் தேதி போயிற்று. மேடிசன் தம் பதவியின் கடைசி நாளுக்கு முந்தைய நாளில் அந்த மசோதாவை மறுத்துவிட்டார். ஆறே வாரத்தில், ஏப்ரல் 15-இல், நியூயார்க் சட்டமன்றம் தன் சொந்தக் கடனில் வெட்டுவது என்று சட்டம் இயற்றியது. கடன் பத்திரத்தை நம்பி யார் வாங்குவார்? அதற்காக உப்புக்கு, புஷல் என்ற முகத்தல் அளவை ஒன்றுக்கு 12.5 சென்ட் வரியும், ஏல விற்பனை வரியும் கால்வாய் நிதிக்கென்று தனியே ஒதுக்கப்பட்டன. கிளிண்டனின் உண்மையான சாதனை மண்வெட்டியில் இல்லை, இந்த ஏற்பாட்டில்தான் என்பது என் கருத்து.

அந்த ஆண்டே ஆளுநரான அவர், ஜூலை 4-ஆம் தேதி ரோம் என்ற ஊரில் வேலையைத் தொடங்கினார். ஹட்சன் முனையை விட்டுவிட்டு நடுவில் ஏன் தொடங்க வேண்டும்? அங்கே நிலம் மட்டம். லாக் கட்டாமல் மைல் மைலாக வெட்டிக்கொண்டே போகலாம். 1819-இல் ரோமுக்கும் யூட்டிகாவுக்கும் இடையே படகு ஓடிவிட்டது. ஓடுகிற படகைக் கேலி செய்வது கடினம்.

தலைமைப் பொறியாளர்கள் பெஞ்சமின் ரைட்டும் ஜேம்ஸ் கெடிஸும் பொறியியல் படித்தவர்கள் அல்லர். நிலம் அளந்து பழகியவர்கள். சிறு சிறு துண்டுகளாகக் குத்தகை விட்டதால் அக்கம்பக்கத்து விவசாயிகளே எடுத்துச் செய்தார்கள். வேர்க்கட்டைகளைப் பிடுங்க 16 அடி விட்டச் சக்கரங்கள் கொண்ட இயந்திரம் வந்தது. ஏழு ஆட்களும் குதிரைகளும் சேர்ந்து நாளைக்கு 30, 40 கட்டைகளைப் பெயர்த்தார்கள். பெரிய தலைவலி காரைதான். சாதாரணச் சுண்ணாம்புக் காரை நீருக்குள் இறுகாது. லாக்கின் கல் இடுக்குகளில் கரைந்து ஒழுகிவிடும். இங்கிலாந்துக் கால்வாய்களைப் பார்த்துத் திரும்பிய கான்வஸ் ஒயிட், 1818-இல் சிட்டெனாங்கோ அருகே கிடைத்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு அரைத்தால் நீருக்குள்ளேயே இறுகுவதைக் கண்டார். மண்டெசுமா சதுப்பில் மட்டும் எந்தத் தந்திரமும் எடுபடவில்லை. 1819 கோடையில் ஏறத்தாழ ஆயிரம் தொழிலாளர்கள் காய்ச்சலில் படுத்தார்கள்.

அரசியலில் கிளிண்டனுக்கு வாய்த்தது இறங்குமுகம். 1817-இல் ஏறத்தாழ எதிர்ப்பே இல்லாமல் வென்றவர், 1820-இல் 1,457 வாக்கில் தப்பினார். 1822-இல் போட்டியிடவே இல்லை. கர்வி என்ற பெயர் அவருக்கு உண்டு, பொய்யில்லை. அவருடைய அரசியல் எதிரி மார்ட்டின் வான் பியூரனின் ஆட்கள் கட்சியைக் கைப்பற்றிவிட்டார்கள். மிஞ்சியது சம்பளமில்லாத கால்வாய் ஆணையர் பதவி ஒன்றுதான்.

1824 ஏப்ரல் 12, சட்டமன்றத் தொடரின் கடைசி நாள். அவரை அதிலிருந்தும் நீக்கத் தீர்மானம் வந்தது. புதிதாகக் கிளம்பியிருந்த மக்கள் கட்சியைப் பிளப்பதே நோக்கம்: ஆதரித்தால் கிளிண்டன் அன்பர்கள் கோபிப்பார்கள், எதிர்த்தால் அவருடைய பகைவர்கள் கோபிப்பார்கள். செனட்டில் எதிர்த்து வாக்களித்தவர்கள் 3 பேர்தான். கணக்கு வெளியே தப்பியது. ஊதியமே வாங்காதவரை, கால்வாய் முடியும் தறுவாயில் விரட்டுவதா என்று ஊர் ஊராகக் கண்டனக் கூட்டம். நவம்பரில் 16,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் மீண்டும் ஆளுநர். எதிரிகள் சும்மா இருந்திருந்தால் திறப்பு விழாவில் அவர் பார்வையாளராக நின்றிருப்பார்.

1825 அக்டோபர் 26-இல் பஃபலோவிலிருந்து ‘செனகா சீஃப்’ படகில் அவர் புறப்பட்டார். நவம்பர் 4-இல் ஈரி ஏரி நீரை அட்லாண்டிக்கில் ஊற்றினார். செலவு 70 லட்சம் டாலருக்குச் சற்று மேல். பஃபலோவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே டன்னுக்கு 100 டாலராக இருந்த சரக்குக் கூலி 10 டாலர் அளவுக்கு இறங்கியது. கால்வாய் கடந்துபோன ஈரக்குவா பழங்குடி மக்களின் நிலங்கள் அதற்கு முன்பே கைமாறியிருந்தன. குடியேறிகள் பெருகப் பெருக, எஞ்சியதும் சுருங்கியது.

1828 பிப்ரவரி 11-இல், ஆளுநராக இருக்கும்போதே, ஆல்பனியில் கிளிண்டன் இறந்தார். மாநிலத்துக்குக் கடன் வாங்கிக் கொடுக்கத் தெரிந்தவர், தம் கடனை அடைக்காமலே போனார். வீட்டுச் சாமான்கள் கடன்காரருக்காக ஏலத்துக்குப் போயின. கல்லறைக்குக் குடும்பத்திடம் பணமில்லை. உடல் வேறொருவருடைய குடும்ப நிலவறையில் வைக்கப்பட்டு, 16 ஆண்டுகள் கழித்து, 1844-இல்தான் புரூக்ளினின் கிரீன்வுட் இடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.