அழச் சொல்கிறவர்கள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பல வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தளபதிகளே, ஓடியாடி ஏற்பாடு செய்த செயலாளர் அவர்களே, அவரை ஓடவிட்ட பொருளாளர் அவர்களே, நண்பர்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுப் பாதுகாப்புத் திட்டமிடலுக்குச் சுதந்திரமான ஆய்வு நிறுவனங்கள் எப்படி உதவுகின்றன? மூன்று விஷயம் சொல்லப்போகிறேன்: கேள்வியையே திருப்பிப் போடுவது, போர் ஒத்திகை, ஆயுதச் செலவுக் கணக்கு. அதற்கு முன், நான் எந்த மேடையிலும் விடாத பழமொழி: அழச் சொல்கிறவன் பிழைக்கச் சொல்வான், சிரிக்கச் சொல்கிறவன் கெடச் சொல்வான்.

1951-ல் அமெரிக்க விமானப்படை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்திடம் ஒரு வேலையைக் கொடுத்தது. குண்டுவீச்சு விமானங்களுக்கு வெளிநாடுகளில் எங்கெங்கே தளம் போடலாம் என்று பார்க்க வேண்டும். அது ஆல்பர்ட் வோல்ஸ்டெட்டர் கைக்கு வந்தது. கணிதத் தர்க்கம் படித்த மனிதர், தளபதி அல்ல. எதிரிக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்றுதான் எல்லாரும் யோசித்தார்கள். இவர் கேட்டார்: நாம் பக்கத்தில் போனால் அவனும் பக்கத்தில்தானே இருப்பான்? அவன் முந்திக்கொண்டு அடித்தால், தரையில் நிற்கும் விமானங்களில் எத்தனை மிஞ்சும்? கணக்குப் போட்டால் நிலைமை படுமோசம்! விமானங்களைச் சொந்த நாட்டிலேயே நிறுத்துங்கள், வெளிநாட்டுத் தளங்களை எரிபொருள் நிரப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். காசு கொடுத்து ஆய்வு கேட்டவரிடமே உங்கள் திட்டம் ஓட்டை என்று சொல்வது லேசா? அவரும் கூட்டாளிகளும் அதிகாரிகள் முன் திரும்பத் திரும்ப விளக்கினார்கள். 1954-ல் முழு அறிக்கையும் வந்தது. விமானப்படை வழிக்கு வந்தது. அழச் சொன்னார், பிழைத்தார்கள்.

போர் ஒத்திகையைப் பற்றித் தளபதிகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அப்புறம் பார்ப்போம்.

சுதந்திரமான நிறுவனம் என்றேன் அல்லவா? இதே ராண்ட் 1946-ல் தொடங்கியபோது டக்ளஸ் விமானக் கம்பெனிக்குள் ஒரு திட்டமாகத்தான் இருந்தது. விமானம் விற்கிறவனே எந்த விமானம் நல்லது என்று படைக்குச் சொல்லலாமா? அந்தச் சங்கடம் இரு தரப்புக்கும் இருந்தது. 1948-ல் லாப நோக்கமற்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. பிரிந்த பிறகும் பெரும்பாலான பணம் விமானப்படையிடமிருந்துதான் வந்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

ஆகவேதான் என் பழைய கோரிக்கைக்கே வருகிறேன். சிரிக்காதீர்கள், செயலாளரே! பாதுகாப்பு பற்றி எந்த நிறுவனம் அறிக்கை வெளியிட்டாலும், யார் பணத்தில் எழுதியது என்பதை முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். கடைசிப் பக்க அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் அல்ல. ஆயுதக் கம்பெனி பணம் தந்திருந்தால் அதையும் போடுங்கள், அரசு தந்திருந்தால் அதையும் போடுங்கள். சிரிக்கச் சொல்கிறவன் யார் காசில் சொல்கிறான் என்று படிப்பவருக்குத் தெரியட்டும்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். செலவுக் கணக்கு பாக்கி இருக்கிறது, அது அடுத்த கூட்டத்துக்கு. கோரிக்கை மனு வாசலோர மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன்.