படிக்கட்டைவிடப் பரிகாசமே பெருந்தடை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'உயரம் குறைந்தோரைப் பெரிதும் வாட்டுவது வசதிக் குறைவா, சமூகத்தின் பரிகாசமா?' என்னும் இம்மன்றத்தில், பரிகாசமே என்று வாதிட வந்திருக்கிறேன். பேருந்தின் முதற்படியையும் ஏ.டி.எம். பொத்தான்களையும் எட்ட முடியாத துயரத்தை எதிரணித் தலைவர் உருக்கமாக எடுத்துரைத்தார். அதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால், அந்தப் படியை அத்தனை உயரத்தில் வைத்தவரின் நினைப்பில் இவர்கள் ஏன் பயணிகளாகவே தோன்றவில்லை என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஏழு வகைகள் இருந்தன. குள்ளத்தன்மை தனி வகையாக அதில் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலை 21 ஆக விரித்தபோதுதான், வளர்ந்த பின்னும் 147 சென்டிமீட்டரோ அதற்கும் குறைவோ ஆன உயரத்தில் நிற்க நேர்ந்தவர்களுக்கு அதில் இடம் கிடைத்தது. அதுவரை இவர்கள் நம் கண்ணில் படாமலா இருந்தார்கள்? சர்க்கஸ் கூடாரத்திலும் திரைப்பட நகைச்சுவைக் காட்சியிலும் பார்த்துச் சிரித்துக்கொண்டுதானே இருந்தோம்! சிரிப்பதற்கென்றே ஒருவரை ஒதுக்கி வைத்துவிட்டால், அவருக்கும் ஒரு தேவை உண்டு என்பது நமக்கு உறைப்பதில்லை.

'கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே' என்று ஒரு பழமொழியையும் வைத்திருக்கிறோம். களவு ஒருவன் செய்த செயல்; குள்ளம் உடலின் வாகு. இதற்குப் பெரும்பாலும் காரணமாகும் அகோண்ட்ரோபிளேசியா என்பது எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் மரபணு மாற்றம். அவ்வாறு பிறப்போரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரின் பெற்றோர் சராசரி உயரமுடையவர்களே. ஆகவே அந்தப் பழமொழி, அதைச் சொல்பவரின் பேரக் குழந்தை மீதே பாயக்கூடும்.

இன்னும் நுட்பமான இழிவு நம் பேச்சிலேயே இருக்கிறது. நாற்பது வயதுக்காரரிடம் கடைக்காரர் 'என்னடா தம்பி வேணும்?' என்கிறார், வயதுக்குரிய 'ங்க' உயரத்தை அளந்தே வழங்கப்படுகிறது. ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இறகுப்பந்தில் வெண்கலம் வென்றபோது எல்லோரும் கைதட்டினோம். நன்று. ஆனால், பதக்கம் வாங்காதவருக்கு அந்த மரியாதை கிடையாதா?

எதிரணியினர் கேட்கும் தாழ்ந்த படியை அரசு நாளையே அமைத்துவிடலாம். அதில் ஏறி வருபவரைப் பார்த்து நடத்துநர் 'அரை டிக்கெட்டா?' என்று கேட்க, பேருந்து முழுவதும் சிரித்தால், அந்தப் படி அவருக்கு எதைக் கொடுத்தது என்பதை எதிரணித் தலைவர்தான் விளக்க வேண்டும்.