சலூன் கதவுக்கு இந்தப் பக்கம்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. அப்படியே எழுதினால் படிக்க முடியாது என்பதால் கொஞ்சம் சீர்செய்திருக்கிறேன். கேள்வி நேரத்தில் சொன்ன சிலவும் உள்ளே கலந்திருக்கின்றன.)

அனைவருக்கும் வணக்கம். அழைப்பிதழில் ‘அமெரிக்கக் கறுப்பின மக்களும் சுயவிமர்சனமும்’ என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் எனக்கு போன் செய்தார்கள். ஒருவர், “அவங்க பக்கத் தப்பையும் கொஞ்சம் சொல்லுங்க சார். எப்பவும் வெள்ளைக்காரனையே திட்டிக்கிட்டிருந்தா எப்படி?” என்றார். இன்னொருவர், “அடிபட்டவனையே குத்தம் சொல்லப் போறீங்களா?” என்று கோபித்துக்கொண்டார். இரண்டு பேரும் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சரி, இருவருக்கும் சேர்த்தே பேசிவிடுகிறேன்.

சிகாகோவில் வேலை பார்த்த நாட்களில் நகரின் தெற்குப் பகுதியில் குடியிருந்தேன். வாடகை குறைவு, அதுதான் காரணம். கொள்கை கிள்கை ஒன்றும் இல்லை. தெருமுனையில் ஒரு சலூன். சனிக்கிழமை போனால் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஆனால் பொழுது போவதே தெரியாது. கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒருநாள் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை நாற்காலியில் உட்காரவைத்து, முடிவெட்டிக்கொண்டே பிடிபிடி என்று பிடித்தார். “உன் தாத்தா மிசிசிப்பியில பருத்தி பொறுக்கினவரு. ரயிலேறி இங்க வந்தது எதுக்கு? நீ முனையில நிக்கிறதுக்கா? புள்ள பெத்துக்கத் தெரியுது, அதுக்கு டயபர் வாங்கத் தெரியலயா?” காத்திருந்தவர்கள் எல்லாம் தேவாலயத்தில் சொல்வதுபோல ‘ஆமாம், ஆமாம்’ என்று தாளம் போட்டார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். குனியாமல் இருந்தால் கழுத்தில் கத்தி!

அந்த நேரம் பார்த்துச் சுவர் டிவியில் ஓர் அரசியல்வாதி. வெள்ளைக்காரர். குடும்பம் சிதைந்துவிட்டது, தகப்பன்கள் பொறுப்பெடுக்க வேண்டும் என்று அதே பாட்டைப் பாடினார். நம்ம கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு டிவியைப் பார்த்து ஏசின ஏச்சு இருக்கிறதே, அதை இங்கே சொல்ல முடியாது. பையன் சிரித்துவிட்டான். “இதைத்தானே இப்ப நீங்களும் சொன்னீங்க?”

“நான் சொல்லலாம்டா. உங்க பாட்டி செத்தப்ப பெட்டிய தூக்கினவன் நான். அந்த ஆளு வந்தானா?” என்று சொல்லி, அவன் தலையை மறுபடி முன்னால் அமுக்கினார்.

இன்றைக்கு நான் பேசப்போவதெல்லாம் அந்த நாற்காலியைச் சுற்றித்தான். கறுப்பின மக்கள் தங்களைத் தாங்களே விமர்சித்துக்கொள்வதில்லை என்று வெளியே இருப்பவர்கள் சொல்வதுண்டு. கதவுக்கு வெளியே நிற்பதால் வரும் நினைப்பு அது. உள்ளே அந்தப் பேச்சு ஓய்ந்ததே இல்லை.

புக்கர் டி. வாஷிங்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1856இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1881இல் அலபாமா மாநிலம் டஸ்கீகியில் ஒரு பள்ளியைப் பொறுப்பேற்றார். கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும். வாங்கப் பணம் இல்லை. ஊரில் சூளையும் இல்லை. நாமே அறுப்போம் என்று மாணவர்களை மண்குழியில் இறக்கினார். முழங்கால் அளவு சேறு. படிப்பதற்கென்று வந்த பிள்ளைகள், இதென்ன வேலை என்று முகம் சுளித்தார்கள்; சிலர் பள்ளியை விட்டே போனார்கள். முதல் சூளை, 25,000 கல், சரியாக வேகவில்லை. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது ஏறக்குறைய வெந்துவிட்டது, இன்னும் சில மணி நேரம்தான் என்றிருந்தபோது நடுராத்திரியில் சரிந்து விழுந்தது. கையில் காசு இல்லை. மாண்ட்கமரிக்குப் போய்த் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார். நான்காவது சூளை நன்றாக வெந்தது. கடிகாரம் மூழ்கிப்போனது. மீட்கவே இல்லை.

இதே மனிதர் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பற்றி வேதம்போல ஓதியவர். பிரஷ் இல்லாத மாணவருக்கு அங்கே இடமில்லை. ஒருநாள் காலை விடுதி அறைகளைப் பார்வையிடப் போனார். ஓர் அறையில் புதிதாக வந்த மூன்று பெண்கள். பிரஷ் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு பெண் ஒற்றை பிரஷ்ஷைக் காட்டி, “இருக்கு ஐயா, நேத்துதான் மூணு பேரும் சேர்ந்து வாங்கினோம்” என்றாளாம். அவரே எழுதிவைத்திருப்பது இது. எனக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் அந்த மூன்று பேரும் எத்தனை சென்ட் போட்டிருப்பார்கள் என்று யோசனை வந்தது.

இதுவரை அவர் பேச்சு சலூனுக்கு உள்ளே. 1895இல் அட்லாண்டா கண்காட்சி மேடையில், வெள்ளையர் நிறைந்த கூட்டத்தின் முன்னால் அதைக் கொண்டுபோனார். நீங்கள் இருக்கும் இடத்திலேயே வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டுகொள்ளுங்கள், கைத்தொழில் கற்றுக்கொள்ளுங்கள், சமூகச் சமத்துவத்துக்காக இப்போதே போராடுவது அறிவீனம் என்றார். கைதட்டல் வானைப் பிளந்தது. கைதட்டியவர்கள் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே, 1896இல், இனவாரியாகப் பிரித்துவைப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1901இல் அலபாமா புது அரசியல் சட்டம் எழுதி, கறுப்பின மக்களின் ஓட்டுரிமையை ஏறக்குறைய துடைத்தெடுத்தது. பிரஷ்ஷும் செங்கல்லும் அந்த ஓட்டைக் காப்பாற்றவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போன வழக்குக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தவர் இதே வாஷிங்டன். கடிதங்களில் புனைபெயர்கள் வைத்து, வெள்ளைக்காரப் புரவலர்களுக்குத் தெரியாமல் செய்தார். 1903இல் வழக்கு தோற்றது. மேடையில் ‘உன்னைத் திருத்திக்கொள்’, இருட்டில் ‘உரிமைக்கு வழக்குப் போடு’. கோழை என்று அவரைத் திட்டியவர்களுக்கு இந்த இரண்டாவது பாதி தெரியாது.

அவரை முகத்துக்கு நேரே விமர்சித்தவர் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. ஈ. பி. டூபாய்ஸ். உரிமை, ஓட்டு, உயர்கல்வி என்று நின்றவர். அதனால் அவர் சுயவிமர்சனம் பேசாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1896இல் பிலடெல்பியாவில் கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த ஏழாவது வட்டத்தில் குடியேறி வீடு வீடாகக் கதவைத் தட்டினார். வாடகை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று கேட்டு எழுதினார். 1899இல் வந்த அந்த ஆய்வின் கடைசி அத்தியாயத்தை நீங்கள் பார்க்க வேண்டும். கறுப்பின மக்களின் கடமை என்று ஒரு பகுதி: குற்றத்தைக் குறைப்பது உங்கள் வேலை, பிள்ளைகளைச் சும்மா திரியவிடாதீர்கள் என்று சொல்கிறார். அடுத்ததே வெள்ளையரின் கடமை: வேலை கொடுக்க மறுத்துவிட்டு, சோம்பேறி என்று சொல்லாதே. இரண்டும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து. நூற்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆளுக்கொரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்பதுதான் என் புகார்.

பிறகு பெரும் இடப்பெயர்வு. 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் பேர் தெற்கிலிருந்து வெளியேறினார்கள். சிகாகோவில் வந்து இறங்கியவர்களுக்கு அர்பன் லீக் என்ற அமைப்பு அட்டை அச்சிட்டுக் கொடுத்தது. வீட்டு ஏப்ரனோடும் செருப்போடும் தெருவில் நிற்காதே, டிராமில் சத்தமாகப் பேசாதே, இந்த மாதிரி. கொடுத்தவர்களும் கறுப்பின மக்கள்தான், முன்னாலேயே வந்து கொஞ்சம் காலூன்றியவர்கள். இதில் அக்கறையும் இருந்தது, ‘இவர்களால் நம் மானம் போகிறதே’ என்ற கூச்சமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ‘மரியாதை அரசியல்’ என்று இதற்கு 1993இல் பெயர் வைத்தவர் எவலின் ப்ரூக்ஸ் ஹிக்கின்பாதம் என்ற வரலாற்றாசிரியர்.

அந்தக் கூச்சத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1955 மார்ச் 2, மாண்ட்கமரி. பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதானாள் பதினைந்து வயது கிளாடெட் கால்வின். இதே காரணத்துக்காகக் கைதாகிப் புகழ்பெற்ற ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னால். ஏழை வீட்டுப் பெண், கறுத்த நிறம், கொஞ்ச நாளில் கருவுற்றாள். போராட்டத்தின் முகமாக இவளை வைக்க முடியாது என்று தலைவர்கள் முடிவெடுத்தார்கள். ஆனால் 1956இல் பேருந்துப் பிரிவினையை ஒழித்த வழக்கில் வாதியாக நின்ற நான்கு பெண்களில் அவளும் ஒருத்தி. பார்க்ஸ் கைதானதும் தொடங்கிய 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பின் படங்களில் அவள் முகத்தைத் தேடினால் கிடைக்காது.

ஒழுங்காக இருந்தால், உழைத்தால், சொந்தக் கடை வைத்தால் மதிப்பார்கள் என்றவர்கள் 1921இல் டல்சாவைப் பார்த்தார்கள். க்ரீன்வுட் பகுதி. செங்கல் கட்டடங்கள், ஹோட்டல், தியேட்டர், மருத்துவர்கள், பத்திரிகை, எல்லாம் சொந்தக் காசு. மே 31, ஜூன் 1, இரண்டு நாளில் வெள்ளையர் கும்பல் வைத்த தீயில் 35 தெருத்தொகுதிகள் எரிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். இன்சூரன்ஸ் கம்பெனிகள் கைவிரித்தன. தப்பிய சில கட்டடங்களில் ஒன்று உயர்நிலைப் பள்ளி. செஞ்சிலுவைச் சங்கம் அங்கேதான் நிவாரண முகாம் போட்டது. அந்தப் பள்ளியின் பெயர் புக்கர் டி. வாஷிங்டன் பள்ளி.

சரி, பழங்கதை போதும். 2004 மே 17, தலைநகர் வாஷிங்டன். பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பின் பொன்விழா. மேடையில் கறுப்பின நடிகர் பில் காஸ்பி. ஏழைப் பெற்றோர் பிள்ளைக்கு ஐந்நூறு டாலர் ஷூ வாங்கித் தருகிறார்கள், படிக்கக் கற்றுத்தரும் பாடத்தொகுப்பு வாங்க மாட்டார்கள் என்றார். கேக் துண்டு ஒன்றைத் திருடித் தலையில் குண்டடிபட்டுச் சாகிறான், உடனே போலீஸ் சுடலாமா என்று கிளம்பிவிடுகிறோம், அவன் கையில் கேக் என்ன செய்துகொண்டிருந்தது என்றார். அரங்கம் சிரித்தது, கைதட்டியது. பேச்சில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சலூன்காரர் சொன்னதும் பாதி இதுதான். ஆனால் கோட் போட்ட கூட்டம், அங்கே இல்லாத ஏழைத் தாய்களைப் பார்த்துச் சிரித்தது. குழந்தைகளுக்கு வைக்கும் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை.

அப்புறம் நடந்தது தெரியும். காஸ்பிமேல் பாலியல் புகார்கள். பழைய வாக்குமூலம் ஒன்றை 2015இல் நீதிபதி வெளியிட அனுமதித்தார். ஊருக்கே ஒழுக்கம் போதிக்கும் இடத்தில் அவர் தன்னை நிறுத்திக்கொண்டதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 2018இல் தண்டனை, 2021இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் நடைமுறைக் காரணத்தால் அதை ரத்து செய்தது.

முன் வரிசைக்கு வருகிறேன். இருவருக்கும் ஆளுக்கொரு கணக்கு. 1960களின் நடுவில் கறுப்பினக் குழந்தைகளில் நான்கில் ஒன்று மணமாகாத தாய்க்குப் பிறந்தது. இப்போது ஏறக்குறைய பத்தில் ஏழு. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஒபாமாவே 2008 தந்தையர் தினத்தில் சிகாகோ தேவாலயம் ஒன்றில், தகப்பன்கள் பொறுப்பை விட்டு ஓடுகிறார்கள் என்று பேசினார். தகப்பன் விட்டுப்போன பிள்ளை அவர். அடுத்த கணக்கு, அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2013இல் வெளியிட்டது: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோடு ஒரே வீட்டில் இருக்கும் தகப்பன்களில், தினமும் குளிப்பாட்டி, உடுத்தி, டயபர் மாற்றுபவர்கள் கறுப்பினத்தவரில் 70 சதவீதம், வெள்ளையரில் 60. முதல் எண்ணைத் தெரிந்தவர்கள் நிறைய, இரண்டாவதைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள் என்று கேட்டேன். ஒருவரும் தூக்கவில்லை.

சுயவிமர்சனம் சட்டமாக மாறியபோது இன்னொன்று நடந்தது. 1975இல் தலைநகர் வாஷிங்டனில் கஞ்சா வைத்திருப்பதற்கான தண்டனையைக் குறைக்க முன்மொழிவு வந்தபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் கறுப்பினப் போதகர்கள். நம் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயம். நியாயமான பயம்தான். 1986இல் ஏழைப் பகுதிகளில் மலிவாகப் புழங்கிய கிராக் கொகெய்ன் ஐந்து கிராமுக்கும் ஐந்நூறு கிராம் தூள் கொகெய்னுக்கும் ஒரே ஐந்தாண்டுச் சிறை என்று சட்டம் வந்தபோதும் நாடாளுமன்றக் கறுப்பின உறுப்பினர் பலர் ஆதரித்தார்கள். போலீஸும் கொடுங்கள், பள்ளியும் வேலையும் கொடுங்கள் என்று கேட்டார்கள். போலீஸ் மட்டும் வந்தது. அந்த நூறுக்கு ஒன்று கணக்கைக் குறைக்க 2010 ஆயிற்று, அப்போதும் பதினெட்டுக்கு ஒன்று.

‘போலீஸ் சுட்டால்தான் ஊர்வலம் போவார்கள், தங்களுக்குள் சுட்டுக்கொண்டால் வாயே திறக்க மாட்டார்கள்’ என்று ஒருவர் கேள்வி நேரத்தில் சொன்னார். அவருக்குச் சொன்னதோடு முடிக்கிறேன். சிகாகோவின் வெஸ்ட் கார்பீல்ட் பார்க்கில் 2000இல் துப்பாக்கிச் சூட்டைத் தடுக்க சீஸ்ஃபயர் (சண்டை நிறுத்தம்) என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஒரு மருத்துவர் ஆரம்பித்தது. தெருவில் இறங்கி வேலை செய்தவர்களோ பெரும்பாலும் அந்தப் பகுதிக்காரர்கள், பழைய கும்பல்காரர்கள், சிறையிருந்தவர்கள். ஒருவன் சுடப்பட்டால் ராத்திரியே மருத்துவமனைக்குப் போவார்கள். கட்டிலைச் சுற்றி நிற்கும் தம்பியையும் நண்பனையும் தனியே கூட்டிக்கொண்டுபோய், பழிவாங்கக் கிளம்பாதே என்று மல்லுக்கட்டுவார்கள். நானும் இதே முட்டாள்தனம் பண்ணித்தான் உள்ளே போனேன் என்று சொல்லக்கூடியவர் சொல்லும்போது அந்தப் பையன் கேட்பான், சில நேரம் கேட்கவும் மாட்டான். இவர்களுக்குச் சம்பளம் மாநில அரசின் பணத்தில் வந்தது. 2015 மார்ச்சில், பட்ஜெட் தகராறில், இல்லினாய் அரசு அதை நிறுத்தியது. பல பகுதிகளில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு சிகாகோவில் 750 பேருக்கு மேல் கொலையானார்கள். இதனால்தான் அது என்று நான் சொல்லவில்லை, வேறு காரணங்களும் இருந்தன. சம்பளம் நின்ற பிறகும் சிலர் போன் வந்தால் எழுந்து போனார்கள்.