தாய்மாமன்களோடு ஒரு பாட்டுக் குழு

எல்லாருக்கும் வணக்கம். சிறுபான்மை மொழியும் குடும்ப இசையும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் ஒரே ஒரு வீட்டைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

அயர்லாந்தின் வடமேற்குக் கரையில், டோனிகால் பகுதியில் இருக்கிறது குவீடோர். ஐரிஷ் மொழி இன்றும் வீட்டுப் பேச்சாக இருக்கும் சில ஊர்களில் ஒன்று. அந்த நாட்டின் அரசியல் சட்டப்படி ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி. ஆனால் 2022 கணக்கெடுப்பில், பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறோம் என்றவர்கள் 71,968 பேர்.

அங்கே லியோ பிரென்னன் என்பவர் ஒரு மதுக்கடை நடத்தினார். மனைவி பாட்டு டீச்சர். பிள்ளைகள் கீரன், போல், மோயா மூவரும் கடையில் பாடுவார்கள். கூடவே தாய்மாமன்கள் இருவர், இரட்டையர். மாமன் என்றதும் பெரிய மீசையைக் கற்பனை செய்யாதீர்கள், மோயாவைவிட மூன்று வயதுதான் மூப்பு! 1970இல் குழு அமைந்தது. 'டோர் ஊர்க் குடும்பம்' என்பதை ஐரிஷில் சுருக்கி, கிளானட் என்று பெயர் வைத்தார்கள்.

1976இல் அவர்கள் பதித்த பழம்பாட்டு ஒன்று, 'டூலமான்'. பாறையில் ஒட்டி வளரும் கடற்பாசிக்கு அந்தப் பெயர். கரையோரத்து ஏழைகள் பாசியைத் தின்றிருக்கிறார்கள், வயலுக்கு உரமாகவும் போட்டிருக்கிறார்கள். பாட்டிலோ அந்தப் பாசியே மாப்பிள்ளையாகப் பெண் கேட்டு வருகிறது. தலை பொன்மஞ்சள், காலில் அழகான கறுப்புச் செருப்பு. அப்பனும் மகளும் அந்த வரனைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். மொழி வாழ்க என்று ஒரு வரி கிடையாது. ஆனால் பாசி பொறுக்கிக் கை மரத்துப் போகாத சனத்துக்கு இந்தக் கேலி தோன்றியிருக்குமா? அடையாளம் என்று நான் சொல்வது இதைத்தான். கொடி பிடிப்பதெல்லாம் அப்புறம்.

சரி, இசை சுத்தப் பழசா என்றால், இல்லை. பீட்டில்ஸ் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். ஐரிஷ் யாழுக்குப் பக்கத்திலேயே கிதாரும் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியமும் வைத்தார்கள். ஐரிஷ் வீட்டுப் பேச்சாக இருந்ததால், வாத்தியத்தை எங்கிருந்து எடுக்கவும் அவர்களுக்குக் கூச்சமில்லை.

1982. பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்ற சண்டையில் வட அயர்லாந்து குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சூடுமாக இருந்த நேரம். அந்தக் கலவரத்தையே கதையாக்கிய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு இவர்கள் பாடிக் கொடுத்தார்கள். பிரிட்டன் பாட்டு விற்பனைப் பட்டியலில் அது 5ஆம் இடம் வரை போனது. ஐரிஷில் பாடிய பாட்டு அதில் ஏறியது அதுவே முதல் முறை. லண்டனிலும் லீட்ஸிலும் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அர்த்தம் புரிந்திருக்கும்? பழமொழி ஒன்றை எடுத்துப் பாடியிருந்தார்கள்: வந்ததெல்லாம் போகும், நிலவும் சூரியனும் போகும், இளைஞனும் அவன் பேரும் போகும். அந்த ஆண்டும் இரண்டு பக்கத்திலும் இளைஞர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.