மூப்பரும் கண்காணியும்

அன்புக்குரிய சபையோரே,

அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில், மிலேத்துவில் தங்கிய பவுல் எபேசுவுக்கு ஆளனுப்பிச் சபையின் மூப்பரை வரவழைக்கிறார். பதினொரு வசனங்கள் கழித்து, அதே மனிதர்களைப் பார்த்து, பரிசுத்த ஆவியானவர் உங்களைக் கண்காணிகளாக வைத்தார் என்கிறார். மூப்பர் வேறு, கண்காணி வேறு என்று பவுல் எண்ணவில்லை. பிற்காலத்தில் கண்காணி என்னும் அந்தச் சொல்லே பேராயர் என்ற தனிப் பதவியாக உயர்ந்து, பல சபைகளின்மேல் ஒருவர் அமரும் முறை வளர்ந்தது. மூப்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர்பெற்ற பிரஸ்பிட்டேரியன் சபைகளோ, அவ்விரண்டு சொற்களும் ஒன்றாயிருந்த இடத்திலேயே நின்றுகொண்டன.

பேராயர் இல்லாமல் மூப்பர்கள் கூடி ஆளும் இம்முறையை வெறும் நிர்வாக ஏற்பாடு என்று நினைப்பவர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இம்முறையின் வேர் உபதேசத்தில் இருக்கிறது. சபையின் தலைவர் கிறிஸ்து ஒருவரே என்றும், மனிதனின் எந்தப் பகுதியும், அவனுடைய பக்தியும் உட்பட, பாவத்தின் கறைபடாமல் தப்பவில்லை என்றும் நம்புகிற ஒரு கூட்டம், எவ்வளவு நல்லவராயினும் தனி ஒருவர் கையில் ஆளுகை முழுவதையும் ஒப்படைக்க எப்படித் துணியும்? சீர்திருத்தத் தலைவரான கால்வின் 1541இல் ஜெனீவா சபைக்கு வகுத்த ஒழுங்குகளில் போதகர், ஆசிரியர், மூப்பர், உதவிக்காரர் என நால்வகை ஊழியம் அமைந்ததற்கும், ஒழுக்க விசாரணையைப் போதகர்களோடு மூப்பர்களும் சேர்ந்து நடத்தியதற்கும் பின்னால் இந்த எண்ணமே இருக்கிறது.

நடைமுறையில், ஒவ்வொரு சபையிலும் சபையாரால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூப்பர்கள் போதகரோடு அமர்ந்து முடிவெடுக்கிறார்கள். அதற்கு மேலே, அப்பகுதிச் சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் கூடும் மூப்பர் சங்கம் இருக்கிறது. போதகரை அபிஷேகம்பண்ணுவதும் அவரைக் கணக்குக் கேட்பதும் அந்தச் சங்கமே. எல்லாவற்றுக்கும் மேலே பொதுப் பேரவை. அதன் தலைவரான மாடரேட்டர் வழக்கமாக ஓராண்டுக்கே அப்பொறுப்பை வகிக்கிறார். ஆண்டு முடிந்ததும் மற்றவர்களுள் ஒருவராகத் திரும்பி அமர்கிறார். கீழே தீர்ந்த வழக்கை மேல்மன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதே இந்த அடுக்கின் உயிர். அந்தியோகியாவில் எழுந்த விருத்தசேதன வாக்குவாதம் எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடிய சங்கத்துக்குப் போனதை இதற்கு முன்மாதிரியாகக் காட்டுவார்கள்.

அரசர்களுக்கு இது கசந்தது. 1596இல் ஸ்காட்லாந்து சபைத் தலைவர்களுள் ஒருவரான ஆண்ட்ரூ மெல்வில், ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் சட்டைக்கையைப் பற்றிக்கொண்டு, இந்த நாட்டில் இரண்டு ராஜ்யங்கள் உண்டு, கிறிஸ்துவின் ராஜ்யத்தில் நீர் அரசரல்ல, ஓர் அங்கத்தினரே என்று சொன்னார். அதே மன்னர் இங்கிலாந்தின் அரியணையேறிய பின், 1604இல், பேராயர் இல்லையேல் அரசனும் இல்லை என்றார். அவருக்கு விஷயம் நன்றாகவே புரிந்திருந்தது என்றுதான் சொல்லவேண்டும். சபையார் விரும்பாத போதகரை நிலக்கிழார் நியமிக்கும் உரிமையை எதிர்த்து 1843இல் ஸ்காட்லாந்தில் 450க்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளத்தையும் குடியிருந்த வீட்டையும் விட்டு வெளியேறியது, இந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலை.

ஆனால் ஒருவர் கெடக்கூடுமானால் பலரும் சேர்ந்து கெடலாமே என்று நீங்கள் கேட்கலாம். குழுவின் பெயரால் நடக்கும் அநியாயத்துக்குப் பொறுப்பேற்க ஆளே இராது என்பதையும் நான் மறுக்கமாட்டேன். இதை முன்னோர் அறியாமலில்லை. பிரஸ்பிட்டேரியன் சபைகள் ஏற்றுக்கொண்ட, 1646இல் முடிவடைந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, அப்போஸ்தலர் காலத்துக்குப் பின் கூடிய சங்கங்கள் எல்லாம் தவறக்கூடியவை, பல தவறியும் இருக்கின்றன என்று எழுதிவைத்தது. அதை எழுதியதும் ஒரு சங்கமே என்பதைக் கவனியுங்கள். தன் தீர்ப்பும் திருவசனத்தின் முன் திருத்தத்துக்கு உட்பட்டது என்று ஒப்புக்கொண்டதனால்தான், மூப்பர் பொறுப்பு ஆண்களுக்கே உரியது என்று நூற்றாண்டுகளாக நம்பிவந்த ஸ்காட்லாந்து சபை, 1966இல் தன் பொதுப் பேரவையிலேயே அதை மறுபடி ஆராய்ந்து, பெண்களையும் மூப்பர்களாக ஏற்றுக்கொண்டது.