டிராக் வாங்குமுன் சப்வூஃபரை நகர்த்துங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் அண்மைக் காலமாக என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான். "ரிசீவரோடு ஆடிசி வந்திருக்கிறது. மேற்கொண்டு பணம் கட்டி டிராக் லைவ் போட்டுக்கொள்ளலாமா?" ரிசீவர், ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி. ஆடிசியும் டிராக்கும், அறை கெடுக்கும் ஒலியை அளந்து சீர்செய்யும் அறைத் திருத்த மென்பொருள்கள். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் சிலவற்றுக்கு 2023-இல் இந்த வசதி வந்தது. பெட்டி பழைய பெட்டிதான். லைசென்ஸ் வாங்கினால் புதிய திருத்த மென்பொருள் அதில் வேலை செய்யத் தொடங்கும். 500 ஹெர்ட்ஸ் வரையுள்ள தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் திருத்துவதற்கு 259 டாலர், முழு ஒலி வீச்சுக்கும் 349 டாலர் என்று விலை வைத்தார்கள். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 21,000 ரூபாயும் 28,500 ரூபாயும். குடும்பச் செலவுக்கு நடுவே எடுத்து வைக்கும் பணம் அது. அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம், ஆனால் கடைசியாக வாங்குங்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவை காசில்லாமல் ஆகக்கூடியவை.

உங்கள் கூடம் 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. 35 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 32 அடி, அதாவது உங்கள் கூடத்தின் நீளத்தைப் போல இரு மடங்கு. அப்படிப் பொருந்தும்போது, எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே போய்த் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நகராமல் ஓரிடத்திலேயே ஏறி இறங்கும் நின்ற அலையாகிவிடுகின்றன. அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸிலும் உயரத்துக்கு 57 ஹெர்ட்ஸிலும் இதே கதை. சுவரோரம் உட்கார்ந்தால் அந்த ஒலி மிகுந்து கேட்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் ஏறக்குறைய காணாமலே போகும். நம் வீடுகளில் சோபா பெரும்பாலும் பின்சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. படத்தில் ஒரு லாரி போனாலும் இடி இடித்தாலும் ஒரே மாதிரி "தொம்" என்று கேட்பதற்கு ஸ்பீக்கரைவிட அந்த இடமே காரணம்.

இதில் நம் கட்டடங்களின் பங்கும் உண்டு. அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகைச் சுவர்கள் அதிகம். தாழ்ந்த ஒலி, அதாவது அதிர்வெண் குறைந்த பாஸ் ஒலி, பட்டால் அவை சற்று வளைந்து கொடுத்து அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. வந்த ஒலியை ஏறத்தாழ முழுசாகத் திருப்பி அனுப்புகின்றன. அயல்நாட்டு விமர்சனங்களில் புகழப்படும் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) நம் கூடத்தில் முழங்கித் தள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த முழக்கத்தால் பாழாவது தாழ்ந்த ஒலி மட்டுமல்ல. ஓங்கிய தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள அதிர்வெண்களைக் காதில் மறைத்துவிடும். வீட்டுப் பெரியவர்கள் "வசனமே புரியல, கொஞ்சம் கூட்டி வை" என்று கேட்கிறார்கள். கூட்டினால் முழக்கமும் சேர்ந்து கூடுகிறது. 40, 50 ஹெர்ட்ஸில் ஒலி மிகுந்து நிற்கும் மேட்டைக் குறைத்துவிட்டால் வசனம் தானாகத் தெளிவதை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். அறைத் திருத்தத்தை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவது வெடிச்சத்தத்துக்காக அல்ல. இந்தப் பேச்சுத் தெளிவுக்காகத்தான்.

மென்பொருள் இதற்கு என்ன செய்கிறது? ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு சோதனை ஒலியை எழுப்பி, மைக்கில் கேட்டு, அறை எதைக் கூட்டியது, எதைக் குறைத்தது, எதை இழுத்தடித்தது என்று கணக்கிட்டு, அதற்கு நேர்மாறான வடிகட்டி ஒன்றை ரிசீவருக்குள் வைக்கிறது. ஆடிசி நிறுவனத்தை 2002-இல் தொடங்கியவர்கள் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் டி.எச்.எக்ஸ். என்ற திரையரங்க ஒலித்தர முறையை உருவாக்கிய டாம்லின்சன் ஹோல்மன். டிராக், சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்விலிருந்து கிளைத்தது. ஒலியின் அளவோடு அது வந்து சேரும் நேரத்தையும் சேர்த்துச் சீர்செய்வதில் டிராக் கெட்டி. யமஹாவுக்கு ஒய்.பி.ஏ.ஓ., ஆன்தமுக்கு ஏ.ஆர்.சி. என்று மற்றவர்களுக்கும் சொந்த முறைகள் உண்டு.

எந்த மென்பொருளாலும் ஆகாத காரியம் ஒன்று உண்டு. அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது. 10 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி தர வேண்டும். தந்தாலும் நேராக வருகிற அலையும் திரும்பி வருகிற அலையும் சேர்ந்தே வளர்வதால் அந்த இடத்தில் மறுபடியும் அழிந்துதான் போகும். ஓட்டைக் குடத்தில் நீர் மொள்ளுகிற வேலை. மேட்டை வெட்டலாம், வெட்டினால் அங்கே ஒலி இழுபடுவதும் குறையும். பள்ளத்துக்கு மருந்து இடமாற்றம் ஒன்றுதான்.

ஆகவே முதல் வேலை, சோபாவைப் பின்சுவரிலிருந்து இரண்டடியாவது முன்னே இழுங்கள். அடுத்து, சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காருகிற இடத்திலேயே வையுங்கள். ஒரே சீரான தாழ்ந்த ஒலி உள்ள பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்தபடி ஒரு சுற்று வாருங்கள். தவிலோ, மிருதங்கத்தின் தொப்பியோ எந்த இடத்தில் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரைக் கொண்டுபோய் வையுங்கள். பார்ப்பவர்கள் சிரிக்கலாம், சிரிக்கட்டும். 28,500 ரூபாய் மென்பொருள் தராத பலனை இது தந்துவிடும்.

பிறகு அளவீடு. அவசரத்தில் அதிகம் கெடுவது இந்தக் கட்டம்தான். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் காற்று மைக்கில் பட்டால் தாழ்ந்த அதிர்வெண்ணில் இரைச்சலாகப் பதிவாகும். ஏ.சி., ஃபிரிட்ஜ், பக்கத்து அறை டி.வி. எல்லாம் ஓயட்டும். இரவு பத்து மணிக்கு மேல் நல்ல நேரம். மைக்கை சோபா முதுகில் சாய்த்து வைக்காமல் ஒரு ஸ்டாண்டில் காது உயரத்தில் நிறுத்துங்கள். ஆடிசியின் உயர்ந்த வகையான எக்ஸ்.டி.32 எட்டு இடங்கள் வரை அளக்கும். முதல் இடம் நீங்கள் உட்காரும் இடமாகவே இருக்கட்டும், ஏனென்றால் ஸ்பீக்கர்களின் தூரமும் ஒலி அளவும் அதை வைத்தே கணிக்கப்படுகின்றன. மூன்று இடங்களோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. தயவுசெய்து எட்டையும் அளந்து முடியுங்கள்.

முடிவில் சப்வூஃபரின் தூரம் உண்மையான தூரத்தைவிட அதிகமாகக் காட்டினால் பயப்படாதீர்கள், திருத்தவும் செய்யாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்றுகளின் தாமதத்தை ரிசீவர் தூரமாகக் கணக்கிட்டிருக்கிறது. ஆனால் முன்பக்க ஸ்பீக்கர்களை, தாழ்ந்த ஒலியையும் தாங்களே தருபவை என்ற பொருளில், "லார்ஜ்" என்று அது முடிவு செய்திருந்தால் "ஸ்மால்" ஆக்கி, ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒலியைப் பிரித்துக்கொள்ளும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். தாழ்ந்த ஒலி அதற்கென்றே உள்ள சப்வூஃபருக்குப் போய்ச் சேரும்.

இதற்குப் பிறகும் குறை இருந்தால் ஆடிசியின் மொபைல் செயலியை வாங்குங்கள். 2017-இல் வந்தபோது 20 டாலர்தான். எந்த அதிர்வெண் வரை திருத்த வேண்டும் என்று அதில் நீங்களே எல்லை போடலாம். ஆடிசி 2,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு சிறு பள்ளம் வைக்கிறது. பேச்சு மங்குவதாகத் தோன்றினால் அதையும் நிறுத்திப் பாருங்கள். கணினியில் பழக்கம் உள்ளவர்கள் ரூம் ஈ.க்யூ. விசார்ட் என்ற இலவச மென்பொருளையும் யூமிக்-1 மைக்கையும் வைத்துத் தாங்களே அளந்து பார்க்கலாம். ஒவ்வொரு யூமிக்குக்கும் அதன் வரிசை எண்ணுக்கேற்ற அளவுத்திருத்தக் கோப்பு கிடைக்கிறது. அந்த மைக் பின்னால் டிராக் அளவீட்டுக்கும் உதவும்.

இத்தனையும் செய்தவருக்கு டிராக் நன்றாகவே பயன்படும். குறைந்த விலை வகையா, முழு வகையா? நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு 500 ஹெர்ட்ஸ் வரை திருத்துவதே பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பிறகு ஒலிக்கருவி நிறுவனமான ஹார்மனிலும் பணியாற்றிய ஒலியியலாளர் ஃபிளாய்டு டூல் நெடுங்காலமாக வலியுறுத்துவதும் இதையொட்டியதுதான். வீட்டு அறைகளில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அறை ஆள்கிறது, அதற்கு மேலே ஸ்பீக்கர் ஆள்கிறது. நல்ல ஸ்பீக்கரின் உயர்ந்த அதிர்வெண்களை அறையில் எடுத்த அளவை வைத்துத் திருத்தப்போனால் கெடுத்துவிடவும் கூடும். இடது ஸ்பீக்கர் மூலையிலும் வலது ஸ்பீக்கர் ஜன்னலோரத்திலும் மாட்டிக்கொண்ட வீடுகளுக்கு முழு வகையைப் பரிந்துரைப்பேன்.

ஒன்றுக்கு மேற்பட்ட சப்வூஃபர் உள்ளவர்களுக்குத் டிராக்கில் தனியாக பாஸ் கன்ட்ரோல் என்ற லைசென்ஸ் உண்டு; அவற்றை ஒருங்கிணைப்பது அதன் வேலை. இன்னும் புதிதானது டிராக்கின் ஏ.ஆர்.டி. (ஆக்டிவ் ரூம் ட்ரீட்மென்ட்). 2025-இல் இது டெனான், மராண்ட்ஸுக்கும் வந்தது. ஒரு ஸ்பீக்கர் எழுப்பும் ஒலி அறையில் இழுபடும்போது, மற்ற ஸ்பீக்கர்கள் அதற்கு எதிரான ஒலியை எழுப்பி அடக்குகின்றன. 150 ஹெர்ட்ஸ் வரை இது வேலை செய்யும். கான்கிரீட் பெட்டிக்குள் வாழும் நமக்கு இந்தத் துறையில் வந்தவற்றிலேயே அதிகம் பொருந்துவது இதுதான் என்று நம்புகிறேன்.

வாங்குமுன் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். குறைந்த ஒலியில் கேட்கும்போது தாழ்ந்த ஒலியைத் தானாகச் சற்றே தூக்கிக் கொடுக்கும் ஆடிசியின் டைனமிக் ஈ.க்யூ., டிராக் ஓடும்போது வேலை செய்யாது. குழந்தைகள் தூங்கிய பிறகு மெதுவாக வைத்துப் படம் பார்க்கும் வீடுகளில் இதன் அருமை தெரியும். இன்னொன்று, லைசென்ஸ் உங்கள் பெயருக்கன்றி அந்த ரிசீவருக்கே கட்டப்பட்டது. நாளை வேறு ரிசீவர் வாங்கினால் அது கூடவே வராது. பழைய ரிசீவர் ஒன்றை விலை பேசுகிறீர்கள் என்றால், அதில் டிராக் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறதா, எந்த வகை என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

நன்றி, வணக்கம்.