புல்லுல ஏறினா லேப் போச்சா? கார் ரேஸ் கேம்ல அத முடிவு பண்ற ஃபைல தொறந்து பாப்போம்

வணக்கம் மக்களே, டெல்லி மயூர் விஹார் ரூம்லேருந்து பேசறேன், நடுவுல குக்கர் விசிலடிச்சா கண்டுக்காதீங்க.

இங்கேருந்து யமுனா எக்ஸ்பிரஸ்வே புடிச்சா புத் சர்க்யூட்ங்கற ரேஸ் ட்ராக் வந்துரும், 2011லேருந்து 2013 வரைக்கும் மூணே தடவ எஃப் ஒன் கார் ரேஸ் நடந்துச்சு, மூணையும் ஜெர்மனிக்காரர் செபாஸ்டியன் வெட்டல்தான் தூக்கிட்டுப் போயிட்டாரு. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் அங்க ஓட்டியிருக்காரு. நமக்கு அங்க ஓட்ட பட்ஜெட் ஏது, அதான் அசெட்டோ கோர்ஸான்ற கம்ப்யூட்டர் ரேஸ் கேம்ல, ரசிகர்கள் செஞ்ச ட்ராக் மாட் போட்டு ஓட்டறோம்.

அதுல பெரிய கடுப்பு, ட்ராக் ஓரக் கோட்ட தாண்டினா லேப், அதாவது அந்த சுத்து, செல்லாதுன்றது. தனியா ஓட்டும்போது செட்டிங்ஸ்ல பெனால்டிய ஆஃப் பண்ணிடலாம், அது சுலபம்.

[ஸ்க்ரீன்ல: ட்ராக் ஃபோல்டர், டேட்டா, சர்ஃபேஸஸ் டாட் ஐஎன்ஐ]

ஆனா விஷயம் இங்கதான் இருக்கு. இந்த சர்ஃபேஸஸ் ஃபைல் நோட்பேட்லயே தொறக்கும், ரோடு, கெர்ப் (வளைவு ஓரத்துல இருக்கற கலர் கட்டை), புல்லு, மணல்னு ஒவ்வொரு தரைக்கும் ஒரு பிளாக். 'ஈஸ் வேலிட் ட்ராக்'னு ஒரு லைன் பாருங்க, 0ன்னா அந்த தரை ட்ராக்குல சேராது, 1 ஆக்கினா அதுவும் ட்ராக்குதான், கேம் வாயே தொறக்காது. 'ஃப்ரிக்ஷன்'தான் க்ரிப்பு, ரோடுக்கு 1 கிட்ட இருக்கும், புல்லுக்கு அதவிட ரொம்ப கம்மி. 'டேம்பிங்' மணல்ல கார இழுத்துப் புடிக்கும்.

நான் என்ன பண்ணேன், புல்லுக்கும் ரோடு க்ரிப்ப குடுத்துட்டேன். ஒரு ராத்திரி முழுக்க வளைவையெல்லாம் குறுக்கால வெட்டி ராஜா மாதிரி ஓட்டினேன், மறுநாள் ஒரிஜினல் ஃபைல்ல உக்காந்தா முதல் வளைவுலயே வண்டி பம்பரமா சுத்துது, பிரேக் எங்க போடணும்னே கை மறந்துடுச்சு. அதனால வேலிட் லைன மாத்துங்க, க்ரிப்ப மட்டும் தொடாதீங்க.

நெஜ ரேஸ்லயும் இதே கததான். ஆஸ்திரியா எஃப் ஒன் ரேஸ்ல 2023ல கோடு தாண்டினாங்களான்னு பாக்கவேண்டிய கேஸே 1200க்கு மேல வந்துச்சு, வெளில தார் ரோடு இருந்தா எவன் கோட்ட மதிப்பான்? 2024ல கடைசி ரெண்டு வளைவு ஓரமா ஜல்லி கொட்டினாங்க, அவ்ளோதான், தானா ஒழுங்கா ஓட்டினாங்க.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், மாத்தின ஃபைலோட ஆன்லைன் போனா சர்வர் செக்சம், அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நம்பர, ஒத்துப் பாத்து வெளில தள்ளிடும். மொதல்ல ஒரிஜினல காப்பி எடுத்து வேற ஃபோல்டர்ல வெச்சுட்டு அப்புறம் கை வைங்க.